முழங்கால் மட்டத்துச் சத்தம்

செம்மாண்டிப்பாளையத்தில் சத்தம் தரையில் தேங்கி நின்றதும், ஜனங்கள் அதைப் பிளாஸ்டிக் குடங்களில் மொண்டுகொண்டு போனதும், கடைசியில் அது ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வற்றிப்போனதும் ஒரே கோடைக்குள் நடந்து முடிந்தன. சித்திரை முதல் வாரத்தில் அர்த்தநாரியின் வீட்டு வாசலில் ஆளுயர மரப்பெட்டிகள் இரண்டு வந்து இறங்கியபோது, போர் வண்டிக்கு ஏதோ புது சாமான் என்றுதான் ஊர் நினைத்தது.

அர்த்தநாரிக்கு மூன்று போர் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் சுற்றிக்கொண்டிருக்க, அவர் ஊரில் நாற்பத்திரண்டு அடிக்கு இருபத்தெட்டு அடியில் ஒரு ஹால் வைத்து வீடு கட்டியிருந்தார். கருங்கல் பாலிஷ் தரை, இருபதடி உயரக் கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கே நின்று ஒருவர் தும்மினால் அது நாலு சுவரிலும் மோதிவிட்டு அவரிடமே திரும்பி வரும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் ஊரில் யாருக்கும் காது சரியாகக் கேட்காது. ஊரில் பாதிப் பேர் போர் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவர்கள், மீதிப் பேர் விசைத்தறிக் கூடத்தில் கெடுத்துக்கொண்டவர்கள். ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்பதால் அந்த ஊரில் ரகசியமே கிடையாது.

ஆனால் அர்த்தநாரியின் மகள் கனிஷ்காவுக்குப் பிறவியிலேயே துளியும் கேட்காது. கோயமுத்தூர் டாக்டர், காதுக்குள் இருக்க வேண்டிய நரம்பே உருவாகவில்லை, மெஷின் பொருத்தினாலும் பிரயோஜனமில்லை என்று படம் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டார். அர்த்தநாரியின் மனைவி தவமணி அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் ஒரு டீச்சரிடம் போய், கைகளால் பேசக் கற்றுக்கொண்டு வந்தாள். அர்த்தநாரி அழவுமில்லை, கற்றுக்கொள்ளவுமில்லை.

"கையைக் கத்துக்கிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்பார்.

தேர்த் திருவிழாவில் பெரிய மேளம் பக்கத்தில் போனபோது நாலு வயதுக் கனிஷ்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அன்றிலிருந்து ஆறு வருஷமாகத் தினமும் அவளை "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் நின்று கூப்பிட்டார், மாடியிலிருந்து கூப்பிட்டார், குழாயை வாயில் வைத்துக் கூப்பிட்டார். அவள் திரும்பும்போது அவர் வாய் திறந்தபடி இருக்கும். அவரைப் பார்த்து அவள் குவித்த விரல்களை உதட்டோரம் வைத்துப் பூ விரிவதுபோல் முன்னால் விரிப்பாள். பசிக்கிறதாக்கும் என்று அவர் பேக்கரிக்குப் போய் ஒரு பன் வாங்கி வருவார். அவள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

வைகாசி முடிந்ததும் அவளைத் தூரத்து ஊரில் காது கேளாதோருக்கான விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று தவமணி முடிவு செய்து, பெட்டியும் வாங்கிவிட்டாள். போவதற்குள் ஒரே ஒரு தடவை, தான் கூப்பிடுவது அவளுக்குத் தெரிய வேண்டும். அர்த்தநாரிக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு கடையில், பிறகு அந்த மரப்பெட்டிகளில் வந்து இறங்கிய ஸ்பீக்கர்களின் முன்னால் உட்கார்ந்தபோது பாடுகிறவளின் குரல் விலா எலும்பில் வந்து இடித்தது. இதைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் நரம்பு என்ன, கல்லுக்கே கேட்கும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

ஸ்பீக்கர்களை நிறுத்தி வைக்க ஜெரோம் என்பவர் வந்தார். மெல்லிய பேச்சு, இடுப்பில் அளவுநாடா, கையில் ஒரு மைக். சுவரிலிருந்து நாலடி தள்ளி வைத்தார், அஞ்சடி தள்ளி வைத்தார், முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினார், தரையில் ஜமுக்காளம் விரித்தார், கண்ணாடிக்குத் திரை போட்டார். நாலு ஆட்கள் ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பிணம் தூக்குவதுபோல் தூக்கி அரை இஞ்சு நகர்த்தினார்கள்.

"ரெண்டு ஸ்பீக்கரும், நீங்க உட்கார்ற நாற்காலியும் முக்கோணமா அமையணும் சார். இடதும் வலதும் ஒரே அளவு. அப்பதான் ரெண்டுக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, பாடறவங்க நிக்கற மாதிரி கேட்கும்."

"எங்க மலை மேல இருக்கற சாமியே இடது பாதி, வலது பாதிதானுங்க. நீங்க ஒண்ணும் புதுசாச் சொல்லல" என்றார் அர்த்தநாரி. "புள்ளைக்குக் கேக்குதான்னு பாருங்க."

கனிஷ்கா நாற்காலியில் உட்கார்ந்து ஜெரோமின் அளவுநாடாவை இழுத்து விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெரோம், இந்த ஹாலில் இதற்கு மேல் முடியாது என்றார். முப்பது வருஷமாகப் பூமிக்குள் ஓட்டை போட்ட அர்த்தநாரிக்கு அந்தப் பேச்சு பழகியதுதான். தண்ணீர் கிடைக்கவில்லையென்றால் தோண்டின பாயிண்ட் தப்பு. ஆகவே அவர் பெரியண்ணனுக்குப் போன் செய்தார்.

பெரியண்ணன் போருக்குப் பாயிண்ட் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் காடு என்று நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, செருப்பை வாசலில் விட்டு, ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தனை இஞ்சு தண்ணி எதிர்பார்க்கறீங்க?"

"தண்ணி இல்ல பெரியண்ணா. சத்தம்."

"எதா இருந்தா என்ன, ஓடறதுதான" என்று தேங்காயைக் கையில் வைத்தார்.

ஹாலின் வடகிழக்கில் ஒரு தடவை எழுந்து நின்றது, தென்கிழக்கில் ஒரு தடவை, மேற்குப் பக்கம் கிட்டத்தட்ட நடுவில் ஒரு தடவை. மூன்று இடத்திலும் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டார். ஜெரோம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அளந்தார். மூன்று பக்கமும் பதினோரடி நாலிஞ்சு, ஒரு நூல்கூட மாறவில்லை. மறுபடி அளந்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இரண்டு குறியில் பெட்டிகளும் மூன்றாவதில் நாற்காலியும் வைத்து, ஒரு நாதஸ்வரத்தை ஓடவிட்டார்கள்.

பெட்டியிலிருந்து வந்த சத்தம் சுவருக்குப் போகவில்லை. தரையில் இறங்கி நின்றது. முதலில் கால் நனைகிற அளவு, பிறகு கணுக்கால், பாட்டு முடிவதற்குள் முழங்கால். பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் ஜமுக்காளத்தின் ஓரங்கள் மிதந்து ஆடின. கையை உள்ளே விட்டால் கை வழியாகக் கேட்டது, எடுத்தால் நின்றது. பெரியண்ணன் ஒரு கை அள்ளிக் காதில் விட்டுக்கொண்டு தலையைச் சாய்த்து, "நல்ல ஊத்து" என்றார். ஜெரோம் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, தன் வேலை முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேதி பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் வந்தது தறி ஓட்டுகிற மயிலாத்தாள். ஒரு டம்ளர் மொண்டு இரண்டு காதிலும் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவள், திரும்பி வந்து, "அண்ணா, எங்க வீட்டுல ஈ பறக்கறது கேக்குதுங்" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள் என்பதுதான் அங்கிருந்தவர்களுக்குச் சேதி. அன்று மதியத்துக்குள் பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றன. வார்டு மெம்பர் வந்து ரேஷன் கார்டுக்கு ஒரு குடம் என்று வகுத்தார். யாரோ மோட்டார் போட்டு உறிஞ்சினதாகச் சண்டை வந்தது. குடத்தை மூடாமல் கொண்டுபோனவர்கள் வழியெல்லாம் சிந்தியதில், தெருவில் அங்கங்கே நாதஸ்வரம் ஈரமாகக் கிடந்தது, நாய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

பத்து நாளில் ஊர் மாறிவிட்டது. நூல் அறுவதைக் காதாலேயே கண்டுபிடித்துத் தறியை நிறுத்தினார்கள். மருமகள் முணுமுணுப்பது என்ன என்று பதினாறு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட ஒருத்தி கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கத்திப் பேசிப் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். பேக்கரிக்காரர், தன் மனைவிக்கு இப்படி ஒரு குரல் இருந்தது தெரியாமல் இத்தனை நாள் குடித்தனம் செய்துவிட்டேனே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அர்த்தநாரி இதில் எதையும் கவனிக்கவில்லை. காலையில் பல் விளக்கியதும் மகளைச் சத்தத்துக்குள் இறக்குவார். நாற்காலியில் உட்கார வைத்து, குடம் குடமாக மொண்டு அவள் தலையில் ஊற்றுவார். ஒவ்வொரு குடத்துக்கும் "அம்மணி" என்பார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரிப்பாள். அம்மாவைப் பார்த்துக் கையால் ஏதோ சொல்வாள்.

"என்ன சொல்றா?"

"குளுருதாமா" என்றாள் தவமணி. "விடுங்க மாமா. சளி புடிச்சுக்கப் போவுது."

மட்டம் இறங்க ஆரம்பித்தது. முழங்காலில் நின்றது கணுக்காலுக்கு வந்தது. நாள் முழுக்கப் பெட்டிகள் பாடினாலும் எடுக்கிற அளவுக்கு ஊறவில்லை. அர்த்தநாரி கேட்டைப் பூட்டினார்.

வரிசை கலைந்து போகவில்லை. மயிலாத்தாள் கம்பி வழியாகக் கேட்டாள். "ஏனுங்கண்ணா, எதுக்குங் பூட்டுனீங்க?"

"எம் புள்ளைக்கு இன்னும் கேக்கல."

அவள் வீட்டுக்குப் போய், அரைக் குடம் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து வந்து, "இதையும் ஊத்திப் பாருங்" என்று நீட்டினாள். அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரர் வந்தார், அவருக்குப் பின்னால் மெம்பர், பிறகு அண்டாவும் தவலையும் பால்கேனுமாக ஊரே வந்தது. குடத்தோடு காதையும் சாய்த்து ஊற்றியவர்கள் ஒவ்வொருவராகப் பழைய மந்தக் காதோடு வெளியே போய், ஒருவரை ஒருவர் "என்னது? என்னது?" என்று கத்திக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஹாலில் சத்தம் மார்பளவு நின்றது. அர்த்தநாரி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து, மூக்கைப் பிடித்து, தலை முழுக அமிழ்த்தி, தானும் அமிழ்ந்து, ஊர் மொத்தத்தின் சத்தத்துக்குள் வாயைத் திறந்து, ஆறு வருஷமாகச் சொன்ன அந்தச் சொல்லைச் சொன்னார்.

அவள் வெளியே வந்து மூச்சு வாங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குவித்த விரல்களை உதட்டோரம் வைத்து விரித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே யாரோ, "பாவம், புள்ளைக்குப் பசிக்குதாட்டம் இருக்குது" என்றார்கள்.

"ஆழம் பத்தல" என்றார் அர்த்தநாரி.

விடுதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. சத்தீஸ்கரிலிருந்து ஒரு வண்டியைத் திருப்பி வரவழைத்தார். கண்ணாடிச் சுவரை இடித்து, போர் வண்டியை ஹாலுக்குள் பின்பக்கமாகக் கொண்டுவந்து, கூரையில் கம்பம் நிமிர ஓட்டை போட்டு, நாற்காலி இருந்த பெருக்கல் குறியின் மேல் நிறுத்தினார்கள். பெரியண்ணன் ஓடி வந்தார்.

"அண்ணா, வேண்டாங். மேல் ஊத்து நிக்கறப்ப ஆழமா ஓட்டுனா எல்லாம் கீழ எறங்கிரும். நான் சொல்லோணுமுங்களா உங்களுக்கு?"

சொல்ல வேண்டியதில்லை. இதே வார்த்தைகளை அர்த்தநாரியே நூற்றுக்கணக்கான காடுகளில் நூற்றுக்கணக்கான விவசாயிகளிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் நூறடி ஓட்டுங்க, இன்னும் அம்பதடி ஓட்டுங்க என்று அவர்கள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். தெரிந்தே ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். இப்போது தன் கையைக் குனிந்து பார்த்தார், துண்டு சுருண்டிருந்தது.

"ஓட்டு" என்றார்.

முன்னூறு அடியில் ஈர மண் வந்தது. அறுநூறில் கருங்கல். தொள்ளாயிரத்து நாற்பதில் ராடு சட்டென்று இறங்கியது, துளையிலிருந்து புகை மேலே வந்தது. போர்க்காரர்கள் புகை என்று சொன்னால் அது வெறும் கல்தூசி, கிணறு பொய்த்தது என்று அர்த்தம். ஹாலில் நின்ற சத்தம் முதலில் மெல்லச் சுழன்றது. பிறகு சுழி பெரிதாகி, ஜமுக்காளத்தையும் திரையையும் இழுத்துக்கொண்டு, துளைக்குள் இறங்கியது. அதோடு பெட்டிகளின் பாட்டு போயிற்று, கம்ப்ரசரின் இரைச்சல் போயிற்று, தெருவில் சிந்திக் கிடந்தது போயிற்று, தறிக்கூடங்கள், கோயில் மணி, ஆடு மாடு, பஸ் ஹார்ன், எல்லாம் வரிசையாக வந்து அந்த ஆறரை இஞ்சு ஓட்டையில் விழுந்தன. கடைசியாக ஜனங்களின் காதில் ஒட்டியிருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. போர் வண்டி குலுங்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்திவிட்டோமா இல்லையா என்று ஓட்டுகிறவர் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அர்த்தநாரி "அம்மணி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது அவருக்கே வந்து சேரவில்லை.

ஊர் அவரை அடிக்கவில்லை. திட்டிப் பார்த்தார்கள், திட்டுவது யாருக்கும் கேட்காததால் விட்டுவிட்டார்கள். பெரியண்ணன் ஒரு சீட்டில், "நல்ல மழை நாலு பெய்தால் ஊறும்" என்று எழுதிக் காட்டினார். அர்த்தநாரி துளைக்கு இரும்புத் தகடு வைத்து, தானே வெல்டிங் அடித்து மூடினார். தறிகள் ஊமையாக ஓடின. பேக்கரிக்காரர், பன் கேட்டவர்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காய்கறி வண்டிக்காரரிடம் தவமணியும் கனிஷ்காவும் நின்றுகொண்டிருந்தார்கள். தக்காளி அழுகல் என்று மகள் கையால் சொல்ல, வண்டிக்காரரின் தலையும் அப்படித்தான் என்று அம்மா கையால் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு வாசலிலிருந்து மயிலாத்தாள் இதைப் பார்த்தாள். மொத்த ஊரில் இரண்டே பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வந்து கனிஷ்காவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே மறுபடி குடங்கள் வரிசையில் நின்றன. இப்போது மொள்ளுவதற்கு ஒன்றுமில்லை, வரிசைக்கு இடம் பிடிக்க வேறு எதை வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. கனிஷ்கா இடிந்த ஹாலின் நடுவில் வெல்டிங் அடித்த தகட்டின் மேல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை கொடுத்தாள். தவமணி ஒவ்வொரு வார்த்தையையும் சுவரில் கரித்துண்டால் எழுதினாள். தப்பாகச் செய்தவர்களின் விரலைக் கனிஷ்கா பிடித்துத் திருத்தினாள். மெம்பருக்கு மட்டும் "தண்ணி" கடைசிவரை வரவில்லை. அவர் செய்தது வேறு ஏதோ என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அர்த்தநாரி இரண்டு நாள் போர் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து ஒரு காலிக் குடத்தை எடுத்து வந்து வரிசையின் கடைசியில் வைத்தார். அவருக்கு முன்னால் அறுபது குடங்கள் இருந்தன. சொந்த வீடு, சொந்தப் பெண் என்று யாரும் வழி விடவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு நாளில் இருபது குடம் நகர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் தவமணி சுவரில் "கூப்பிடு" என்று எழுதினாள். கனிஷ்கா மயிலாத்தாளைப் பார்த்து, குவித்த விரல்களை உதட்டோரம் வைத்து, பூ விரிவதுபோல் முன்னால் விரித்தாள். மயிலாத்தாள் விரித்தாள். பேக்கரிக்காரர் விரித்தார். வரிசை முழுக்க விரித்தது.

அர்த்தநாரி வரிசையை விட்டு நேராக நடந்து போய்த் தவமணியின் கையிலிருந்த கரித்துண்டை வாங்கினார். சுவரில், "பசி?" என்று எழுதினார்.

தவமணி அவரைப் பார்த்தாள். அதன் கீழே எழுதினாள். "இல்லை. கூப்பிடுகிறது." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி எழுதினாள். "உங்களைப் பார்த்துச் செய்தால் அது உங்கள் பேர். நாலு வயதில் அவளே வைத்தது."

அவர் அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பிப் போனபோது அவர் குடத்தின் இடத்தை வேறொரு குடம் பிடித்திருந்தது. மறுபடி கடைசியில் வைத்தார்.

விடுதிக்குப் புறப்படும் நாள் வந்தபோது அவருக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். கார் வாசலில் வந்து நின்றது. தவமணி பெட்டியை ஏற்றினாள். கனிஷ்கா தகட்டிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வரிசையின் ஓரமாகவே நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். விரல்களைக் குவித்து விரித்தாள். அவர் பேக்கரி இருந்த பக்கம் பார்க்கவில்லை. அவளை நோக்கி ஒற்றை விரலை நீட்டி, புருவத்தை உயர்த்தினார். உன் பேர் என்ன?

அவள் சுண்டுவிரலால் தன் இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தை இரண்டு தடவை தொட்டாள். அவர் கட்டைவிரலால் தொட்டார். அவள் அவருடைய கட்டைவிரலை மடக்கி, சுண்டுவிரலை நிமிர்த்திவிட்டாள். அவர் மறுபடி தொட்டார். சரி என்று தலையசைத்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் நகர்ந்தது. அவள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கு நேராக நின்று பேரைச் சொல்வது கூப்பிடுவது ஆகாது என்று அப்போதுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது. தூரத்திலிருந்து சொல்லி, அவள் திரும்பினால்தான் அது கூப்பிடுவது. அவர் தெருவுக்கு ஓடி வந்து, சுண்டுவிரலால் கண்ணுக்குக் கீழே இரண்டு தடவை தொட்டார். காரின் பின்பக்கக் கண்ணாடியில் அவள் ஜடை தெரிந்தது. மறுபடி தொட்டார். வாயும் தானாகத் திறந்திருந்தது.

கேட்டிலிருந்து பால் சொசைட்டி வேகத்தடை வரைக்கும் வரிசை நீண்டு நின்றது. அர்த்தநாரிக்குப் பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பார்த்துவிட்டு, தனக்குப் பின்னால் நின்றவரின் தோளைத் தட்டி, தன் கண்ணுக்குக் கீழே இரண்டு தடவை தொட்டார். அவர் அடுத்தவரைத் தட்டினார். குடம் கைமாறுவதுபோல் அந்தப் பேர் தெருவோடு கைமாறிக்கொண்டே போய், காரைத் தாண்டி, வேகத்தடைக்குப் பக்கத்தில் நின்ற மயிலாத்தாளிடம் போய்ச் சேர்ந்தது. வேகத்தடையில் கார் மெதுவாக ஏறி இறங்கியபோது அவள் ஜன்னலுக்கு நேராகக் குனிந்து, சுண்டுவிரலால் தொட்டுவிட்டு, தெருக்கோடியைக் காட்டினாள்.

ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல்கள் குவிந்திருந்தன. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அர்த்தநாரி பார்த்துக்கொண்டிருக்க, அவை ஒரு தடவை விரிந்தன.

வழியில் சாப்பிட என்று காலையில் வாங்கி, கொடுக்க மறந்த பன் பொட்டலம் அவர் இன்னொரு கையில் அப்படியே இருந்தது.